கற்க வந்தோர்க்குக் கூரை

அரபு மொழியில் ஒரு பழமொழி வழங்குகிறது: ‘அல்ஜாரு கப்லத் தார்.’ வீட்டைப் பார்க்கும் முன் அண்டை வீட்டாரைப் பார் என்பது அதன் கருத்து. வீடு தேடிப் புறப்படும் ஒருவனுக்குப் பெரியோர் கூறிய அறிவுரை இது. ஆனால் சென்னை மாநகரின் தென்பகுதியில் இப்பழமொழியை வீடு தேடுவோரைக் காட்டிலும் வீட்டுக்குரியோரே மிகுதியாகக் கைக்கொண்டுள்ளனர் எனலாம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாடகைப் பேச்சு தொடங்குமுன் எழும் முதற்கேள்வி வருமானத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘தங்கள் பெயர் என்ன?’ என்பதே அது.

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் காலத்தில் நாகூரிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் நம் பிள்ளைகள் சேர்க்கைக் கடிதத்துடன் தலைநகருக்குச் செல்கின்றனர். கல்லூரியில் இடம் கிடைத்துவிடுகிறது. ஊரில் இடம் கிடைப்பது வேறொரு தேர்வாகிவிடுகிறது. நம்மிடம் அரபு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் பின்னாளில் ஆய்வுப் படிப்புக்காகச் சென்னை சென்றார். மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் அடையாற்றுப் பகுதியில் ஒன்பது வீடுகள் பார்த்தார். ஒன்பதாவது வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் வேளையில் தரகர் வந்து, “தப்பா எடுத்துக்காதீங்க பாய். ஓனருக்கு ஒண்ணும் இல்லையாம், மத்த ஃப்ளாட்டுக்காரங்கதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்களாம்” என்று கூறினாராம். முடிவில் அவர் இராயப்பேட்டையில் குடியேறி, நாள்தோறும் பேருந்தில் போய்வந்து ஆய்வை முடித்தார்.

இஃது இன்று நேற்று முளைத்த சிக்கலா? நம்மவர்க்கு மட்டுமே நேர்ந்ததா? சென்னையின் கல்வி வரலாற்றைச் சற்றே புரட்டினால் இவ்விரு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

நவாபும் வீடு தேடினார்

சென்னைப் பல்கலைக் கழகம் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தோன்றியது. அதன் செனட் மண்டபம் 1879இல் கட்டி முடிக்கப்பட்டது. அம்மண்டபத்தைக் கட்டியவர் சிஷோம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். அது நிற்கும் இடம் சேப்பாக்கம். அதன் அருகே செந்நிற மாடங்களுடன் நிற்பது ஆற்காட்டு நவாபின் அரண்மனை. ஆக, தென்னாட்டின் முதற் பல்கலைக் கழகம் ஒரு முஸ்லிம் அரசர் குடியிருந்த மாளிகையின் அண்டை வீடாகவே எழுந்தது.

அந்த நவாபுங்கூட ஒரு காலத்தில் இந்நகரில் இடம் தேடியவரே. நவாப் முகம்மது அலி வாலாஜா, கும்பினியாரின் பாதுகாப்பை நாடி ஆற்காட்டை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர எண்ணியபோது, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே மாளிகை எழுப்ப விரும்பினார். அங்கே போதிய இடம் இல்லை என்பதால் அத்திட்டம் கைவிடப்பட்டது. கோட்டைக்குத் தெற்கே சேப்பாக்கத்தில் 1768இல் அரண்மனை எழுந்தது. கடைசி நவாப் குலாம் முகம்மது கௌஸ் கான் 1855இல் மறைந்தபின், கடனுக்காக அவ்வரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே அதனை வாங்கிற்று. நவாபின் வழித்தோன்றல்கள் 1876இல் இராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறினர்.

நாடாண்ட குடும்பம் வீடிழந்த அதே காலத்தில்தான் அதன் மாளிகையருகே கல்விக்கூடங்கள் எழுந்தன. 1870இல் மாநிலக் கல்லூரியின் புதுக்கட்டடம், அடுத்துச் செனட் மண்டபம் எனக் கடற்கரை நெடுகக் கல்வி நிலையங்கள் வரிசை கட்டின. தஞ்சை, திருநெல்வேலி, வட ஆர்க்காடு என மாவட்டந்தோறும் இருந்து இளைஞர்கள் பட்டம் நாடி வந்து சேர்ந்தனர். அவர்கள் எங்கே தங்கினர்?

தெரிந்தவர் வழி

கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. கும்பகோணத்திலிருந்து வந்த அவர், பல்கலைக் கழக வட்டாரத்தில் தமக்குத் தெரிந்த மாணவர் ஒருவருடன் விக்டோரியா மாணவர் விடுதி அறையில் சில காலம் ஒண்டியிருந்தார். உறவினர் வீட்டிலும் தங்கினார். 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913 மே மாதம் முதல் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியபோது, திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவில் குடும்பத்துடன் வசித்தார். அவ்வளவு பெரிய அறிவாளருக்கும் கூரை கிடைத்தது உறவின் வழியாகவும் ஊராரின் வழியாகவுமே.

அக்காலச் சென்னையில் வாடகை இடம் என்பது பெரும்பாலும் தெரிந்தவர் வாயிலாகக் கைமாறியது. ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே சமயம் என்ற இழைகளின் வழியே அச்செய்தி பரவிற்று. அந்த இழையைப் பற்றிக்கொண்டவனுக்குச் சென்னை எளிதில் திறந்தது. இழை இல்லாதவனுக்கு மூடிக்கிடந்தது. நம்மவர் திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் மண்ணடியிலும் செறிந்து வாழ்வதற்குரிய காரணங்களில் இதுவும் ஒன்று. பள்ளிவாசலின் அண்மை ஒரு காரணம். தெரிந்தவர் அங்கேதான் இருந்தார் என்பது மற்றொரு காரணம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மயிலாப்பூரின் பழைய வீடுகள் பல ஒண்டுக்குடித்தன வீடுகள். ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரே நடை. அடுத்தடுத்த அறைகளில் வெவ்வேறு குடும்பங்கள். அங்கே ஒருவர் சமையலின் மணம் மற்றவர் பூசையறைக்குள் புகும். உணவும் ஆசாரமும் கருதி ஆள் பார்த்துக் குடிவைத்ததற்கு அன்று ஒரு நியாயம் கற்பிக்க இயன்றது. இன்று தனித்தனிக் கதவும் தனித்தனிக் குழாயும் உள்ள அடுக்குமாடிகள் வந்துவிட்டன. நியாயம் போய்விட்டது, வழக்கம் மட்டும் மாடியேறி வந்துவிட்டது.

இடம் மறுக்கப்பட்டோர் எழுப்பிய இல்லங்கள்

இடம் மறுக்கப்பட்டோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராமணரல்லாத மாணவர்கள் சென்னையில் தங்க இடமின்றித் துன்புற்றனர். விடுதிகளில் சாதி வேற்றுமை தலைவிரித்தாடியது. இதனைக் கண்டு மனம் பொறாத மருத்துவர் சி. நடேச முதலியார், 1916இல் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்னும் மாணவர் விடுதியை நிறுவினார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக விளங்கிய ஆர். கே. சண்முகம் செட்டியார் அங்குத் தங்கிப் பயின்றவர்களுள் ஒருவர். அதே ஆண்டு இறுதியில் தோன்றிய நீதிக்கட்சியின் முன்னோடிகளுள் நடேசனார் ஒருவர் என்பதை நாம் அறிவோம். அரசியல் மேடை அமைக்குமுன் அவர் மாணவர்க்குக் கூரை அமைத்தார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிராமணச் சமூகத்திலேயே இடம் மறுக்கப்பட்டோரும் இருந்தனர். அவர்கள் இளங்கைம்பெண்கள். கைம்பெண்ணின் முகத்தில் விழிப்பதே அபசகுனம் என்று கருதிய காலம் அது. அவர்களைக் கூட்டமாகக் குடிவைக்க எந்தத் தெருதான் இசையும்? சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் எழும்பூரில் சிறிய அளவில் தொடங்கிய இல்லம், பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எனப்படும் கட்டடத்தில் நிலைபெற்றது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த அக்கட்டடம், ஊரார் ஒதுக்கிய சிறுமியர்க்குக் கல்விக்கூடமாயிற்று. 1914இல் தொடங்கிய இராணி மேரி கல்லூரியும் அதே கடற்கரையில்தான் இருந்தது. இன்று அந்த ஐஸ் ஹவுஸ் விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது.

நம் சமுதாயமும் வாளா இருக்கவில்லை. நவாபின் காலத்து மத்ரஸாயே ஆஸம் பள்ளியின் வழித்தோன்றலாக அரசினர் முகமதியர் கல்லூரி அண்ணாசாலை உம்தா பாக் தோட்டத்தில் இயங்கிற்று. சுதந்திரத்துக்குப் பின் அது அரசினர் கலைக் கல்லூரியாகி, பின்னர் நந்தனத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய தோட்டத்தில் இன்று காயிதே மில்லத் பெயரால் அரசினர் மகளிர் கல்லூரி நடைபெறுகிறது. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951இல் இராயப்பேட்டையில் நியூ காலேஜை நிறுவியது. நீதிபதி பஷீர் அஹமத் சயீத் அவர்களின் முயற்சியால் 1955இல் தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி எழுந்தது. இக்கல்லூரிகள் விடுதிகளையும் அமைத்தன. வெளியூர்ப் பெண்ணைச் சென்னைக்கு அனுப்ப அஞ்சிய தந்தைமார் பலர், பாதுகாப்பான விடுதி உண்டு என்று கேட்டபின்னரே அனுப்ப இசைந்தனர். நம் பெண்மக்களின் கல்வியில் வகுப்பறைக்கு உள்ள பங்கு விடுதி அறைக்கும் உண்டு.

மாணவர்க்குக் கூரை அமைப்பது நமக்குப் புதிய மரபன்று. மதீனாவில் மஸ்ஜிதுன் நபவியின் ஒரு புறத்தில் அமைந்த ‘ஸுஃப்பா’ என்னும் திண்ணையே இஸ்லாமிய உலகின் முதல் மாணவர் உறைவிடம். 1234இல் பக்தாதில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவில் மாணவர்க்கு அறையும் உணவும் அளித்து, மாதம் ஒரு தீனாரும் வழங்கினர். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் மொராக்கோ நாட்டார்க்கும் ஷாம் நாட்டார்க்கும் துருக்கியர்க்கும் தனித்தனி ‘ரிவாக்’ என்னும் உறைவிடங்கள் இருந்தன. தொலைதூரத்திலிருந்து வந்த மாணவன் தெருத்தெருவாக அலையாமல் நேரே தன் ரிவாக்கை நாடினான். இவற்றின் செலவை வக்ஃபு நிலங்களின் வருவாய் தாங்கிற்று. கல்வியையும் கூரையையும் நம் முன்னோர் ஒரே அறமாகக் கண்டனர்.

கடல் கடந்தும் இதே கதை

நிறத்தின் பெயரால் மறுப்பு நேர்ந்தால் என்னாகும் என்பதை லண்டன் நகரம் காட்டிற்று. அங்குப் படிக்கச் சென்ற இந்திய மாணவர்களுக்கு வீட்டுக்காரர் பலர் அறை தர மறுத்தனர். அந்நிலையில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் லண்டன் ஹைகேட் பகுதியில் ‘இந்தியா ஹவுஸ்’ என்னும் மாணவர் விடுதியைத் திறந்தார். நம் நாட்டு வ.வே.சு. ஐயரும், சென்னையைச் சேர்ந்த எம்.பி.டி. ஆச்சாரியாவும் அங்கு வாழ்ந்தவர்கள். சாவர்க்கர் தங்கியதும் அங்கேதான். இடம் மறுக்கப்பட்ட இளைஞர்கள் ஒன்றுகூடிய அவ்வில்லம் சில ஆண்டுகளிலேயே ஆங்கில அரசு அஞ்சும் புரட்சிக் கூடமாயிற்று.

இதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. கதவு மூடப்பட்டோர் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொள்கின்றனர். அதில் துணிவும் ஒற்றுமையும் பிறக்கின்றன. ஆனால் அயலாரை அறியும் வாய்ப்பு அங்குக் குறைந்துவிடுகிறது. திராவிடர் இல்லத்துக்கும் ஐஸ் ஹவுஸுக்கும் இந்தியா ஹவுஸுக்கும் நம் விடுதிகளுக்கும் இது பொருந்தும்.

இதற்கு மாற்றான முயற்சியும் சென்னையிலேயே நடந்தது. 1959இல் அடையாற்றையடுத்த கிண்டிக் காட்டுப் பகுதியில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியபோது, மாணவர் விடுதிகளுக்குக் காவேரி, கிருஷ்ணா, நர்மதா, கோதாவரி என ஆறுகளின் பெயரைச் சூட்டினர். எந்தச் சாதிக்கும் சமயத்துக்கும் உரிய பெயரை அங்குச் சூட்டவில்லை. ஒரே கூரையின் கீழ் பல மாநிலத்தவரும் பல சமயத்தவரும் வாழ்கின்றனர். விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் நான்காண்டுகள் வாழ்ந்த இருவர், படிப்பு முடிந்து அதே அடையாற்றில் வீடு தேடும்போது ஒருவருக்குக் கதவு திறக்கிறது, மற்றவருக்குத் திறப்பதில்லை. நிறுவனம் தீர்த்த சிக்கலைத் தெரு மீண்டும் எழுப்பிவிடுகிறது.

தெருவின் பெயரும் குடியின் பெயரும்

தியாகராய நகரின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. மாம்பலம் ஏரி, நீண்ட ஏரி என்றெல்லாம் வழங்கிய பெரிய நீர்நிலையின் ஒரு பகுதியைத் தூர்த்து, 1920களில் இந்நகரை வகுத்தனர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை ஊருக்கும், பனகல் அரசரின் பெயரைப் பூங்காவுக்கும் இட்டனர். அந்நகரின் முதன்மையான வீதி உஸ்மான் சாலை. சர் முகம்மது உஸ்மான் 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும், பின்னர் 1940 முதல் 1942 வரை சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர். மற்றொரு சாலை ஹபீபுல்லா சாலை. சர் முகம்மது ஹபீபுல்லா வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் திருவிதாங்கூர் திவானாகவும் இருந்தவர்.

மயிலாப்பூரின் நிலையும் இதற்கு மாறானதன்று. கபாலீசுவரர் கோயில் திருக்குளத்துக்குரிய நிலத்தை ஆற்காட்டு நவாப் வழங்கினார் என்றும், அதனால் முஹர்ரம் காலத்தில் முஸ்லிம்களுக்கும் அக்குளத்தில் உரிமை உண்டு என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. கச்சேரி சாலையில் பள்ளிவாசல் உண்டு. நாகூரில் பிறந்த நீதிபதி மு. மு. இஸ்மாயீல் மயிலை விவேகானந்தா கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியானவர். கம்பனில் தோய்ந்து சென்னைக் கம்பன் கழகத்தின் தலைமையை ஏற்றவர். குளத்திலும் வகுப்பறையிலும் இலக்கிய மேடையிலும் நமக்கு இடமளித்த ஊர்தான் மயிலை.

சாலைக்கு உஸ்மானின் பெயர் வைக்க எவரும் தயங்கவில்லை. அச்சாலையின் கிளைத்தெருவில் உஸ்மான் என்னும் பெயருடைய இளைஞர் வாடகைக்கு வீடு கேட்டால் தயக்கம் எழுகிறது. பொது இடத்தில் பெருந்தன்மையும் சொந்த மாடிப்படியில் ஐயமும் ஒருசேர வாழ்வது இம்மாநகரின் இயல்பு.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

சட்டம் இதற்கு உதவாதா என்று வாசக அன்பர்கள் வினவலாம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, அதன் வரம்புக்குட்பட்ட வீடு காலியானால் உரிமையாளர் அதனை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அரசு விரும்பினால் அவ்வீட்டைத் தன் அலுவலருக்கு ஒதுக்கலாம். அவ்வளவில் உரிமையாளரின் விருப்பத்துக்கு ஒரு கட்டு இருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையை விஞ்சலாகாது என்றது. பத்து மாத முன்பணம் கேட்டுப் பழகிய சென்னைக்கு இது நல்ல மாற்றம். ஆனால் சமயத்தைக் காட்டி வீடு மறுப்பது குற்றம் என்று அச்சட்டம் கூறவில்லை.

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. கடைகள், உணவகங்கள், பொதுக்கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. தனியார் வீட்டு வாசல்வரை அது செல்வதில்லை. பார்சி சமூகத்தார் தம் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் தம்மவரை மட்டுமே சேர்க்கலாம் என்ற விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பிரிட்டனில் 1965இல் இயற்றிய இனவேற்றுமைத் தடுப்புச் சட்டமும் வீடுகளை விட்டுவிட்டது. மூன்றே ஆண்டுகளில், 1968இல், அதனைத் திருத்தி வீட்டுக்கும் விரிவாக்கினர். அதே 1968இல் அமெரிக்காவும் வீட்டு வாடகையில் இனம், சமயம் பார்ப்பதைத் தடைசெய்தது. சட்டம் வாசற்படியைத் தாண்ட இயலாது என்பது உண்மையன்று, அங்கே தாண்டியிருக்கிறது.

நம் வாசற்படி

இவ்வளவும் கூறியபின் நம் பக்கமும் பார்வையைத் திருப்ப வேண்டும். திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் நம்மவர்க்கு உரிய வீடுகள் பல உள்ளன. கடற்கரை ஊர்களில் தெருக்கணக்கில் உள்ளன. அங்கே வேற்றுச் சமயத்தார், ஒடுக்கப்பட்ட வகுப்பார், தனித்து வாழும் பெண்கள் வந்து கேட்டால் நாம் உடனே கதவு திறக்கிறோமா? ‘நம்மாளுக்கு மட்டும்’ என்னும் சொல் நம் நாவிலும் புரள்கிறது. மது, பன்றியிறைச்சி, கோஷா எனக் காரணங்களை நாமும் அடுக்குகிறோம். புலால் மணத்தைக் காரணம் காட்டும் மயிலாப்பூர்ப் பெரியவரும், கோஷாவைக் காரணம் காட்டும் நம் பெரியவரும் ஒரே வாதத்தை இரு மொழியில் பேசுகின்றனர்.

வாடகை உடன்படிக்கையை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘இஜாரா’ என்னும் தலைப்பில் விரிவாக ஆய்கின்றன. வாடகைத் தொகை தெளிவாக இருக்க வேண்டும். காலம் தெளிவாக இருக்க வேண்டும். வீட்டின் பயன்பாடு ஆகுமானதாக இருக்க வேண்டும். குடியிருக்க வருபவர் நம் மார்க்கத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவை விதிக்கவில்லை. மார்க்கம் விதிக்காத நிபந்தனையை நம் பழக்கம் விதிக்கிறது.

செய்யத்தக்கவை சில உண்டு. தலைநகரிலுள்ள ஜமாஅத்துகள் வெளியூர் மாணவர் பற்றி வீட்டுக்காரருக்கு நற்சான்றுக் கடிதம் அளிக்கலாம். தெரிந்தவர் வழியே திறக்கும் கதவுக்கு அதுவும் ஓர் இழையாகும். வக்ஃபு கட்டடங்களைக் கடைகளுக்கு மட்டுமன்றி மாணவர் இல்லங்களுக்கும் ஒதுக்கலாம். அவ்வில்லங்களில் சில அறைகளைப் பிற சமயத்து ஏழை மாணவர்க்கும் தரலாம். வீடுடையோர் ஒவ்வொருவரும், அடுத்த முறை ஒருவர் வாடகைக்கு வந்து நிற்கும்போது, பெயர் கேட்குமுன் தேவையைக் கேட்கலாம். இம்மூன்றும் சட்டத்துக்குக் காத்திராதவை.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தமக்கென வீடு அமையும்வரை பல மாதங்கள் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கினார்கள். அது மாடி வீடு. பார்க்க வருவோர் மிகுதி என்பதால் கீழ்த்தளமே வசதி என்று பெருமானார் கூறினார்கள். மேல்தளத்தில் இருந்த அபூ அய்யூப் தம்பதியர்க்கு அது பெருங்கூச்சம். ஒருநாள் அவர்களது தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. கீழே இருப்பவர்மீது ஒரு துளியும் சொட்டிவிடக் கூடாதே என்று, தங்களிடமிருந்த ஒரே போர்வையை விரித்து இருவரும் தண்ணீரை ஒற்றியெடுத்தனர். அன்றிரவு போர்த்திக்கொள்ள அவர்களுக்கு வேறொன்றும் இல்லை.